சூட்டிகைப் பலபடிகள்: ரப்பர்ப் பாலிலிருந்து ரத்தப் பை வரை

தொட்டாற்சுருங்கி தொட்டவுடன் இலையை மடக்கிக்கொள்கிறது. வெயில் ஏறினால் மாடு நிழலைத் தேடிச் செல்கிறது. சூழ்நிலை மாறும்போது தன் நடையையும் மாற்றிக்கொள்வது உயிருள்ளவற்றின் இயல்பு என்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். உயிரற்ற பொருள்களிலும் இத்தகைய இயல்பு காணப்படுமா என்று கேட்டால், காணப்படும் என்று விடை கூறுகிறது இன்றைய ரசாயன விஞ்ஞானம். சிறிது வெப்பம் கூடினால் சுருங்குவதும், நீர் பட்டால் பல மடங்கு பருப்பதும், அமிலத்தில் கரையாமல் நின்று காரத்தில் கரைவதுமான பொருள்களை அது உண்டாக்கியிருக்கிறது. அவை நம்மை அறியாமலே நம் வீட்டு அலமாரியிலும் மருந்துப் பெட்டியிலும் குழந்தையின் தொட்டிலிலும் இடம் பெற்றுவிட்டன.

இப்பொருள்களை விளக்குவதற்கு நம் நாட்டின் தென்கோடியில் ஓர் இடம் மிகப் பொருத்தமாக அமைந்திருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் முதலில் நெய்யாற்றின்கரையும், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் பாறசாலையும் வருகின்றன. பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை, அது தமிழ்நாடு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் கோட்டுக்கு வடக்கே தமிழ் பேசும் குடும்பங்களும், தெற்கே மலையாளம் பேசும் குடும்பங்களும் இன்றளவும் வாழ்கின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும், நோய்க்கு மருத்துவம் தேடுவதும் எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வேற்றுமொழியாரிடையே வாழும் நம் நேயர்களுக்கு இத்தகைய வாழ்க்கையை விரித்துக் கூற வேண்டியதில்லை.

இவ்வூர்களுக்குக் கிழக்கே, வெள்ளறடை முதலிய மலையடிவாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் உள்ளன. வடக்கே, திருவனந்தபுரத்தில், பிளாஸ்டிக்கைக் கொண்டு உயிர் காக்கும் கருவிகளைச் செய்து புகழ்பெற்ற ஆராய்ச்சி நிலையம் உள்ளது. எல்லைக்கு அப்பால், அதே பிளாஸ்டிக் கழிவாகச் சென்று வழக்கு மன்றம் வரை வந்த வரலாறும் உள்ளது. ஆகவே, பொருளின் பிறப்பு, பயன், முடிவு மூன்றையும் இந்தச் சிறு நிலப்பரப்பைச் சுற்றியே கண்டுவிடலாம்.

பலபடி என்பது யாது?

பூமாலையில் ஒரே வகைப் பூவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுப்பதுபோல, ஒரே வகைச் சிறு மூலக்கூறு ஆயிரக்கணக்கில் தொடர்ந்து சங்கிலியானால், அதனைப் பாலிமர் என்பர். தமிழில் பலபடி என்று வழங்குகிறோம். இத்தகைய நீண்ட சங்கிலிகள் உண்மையிலேயே உள்ளன என்று ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்மன் ஸ்டௌடிங்கர் 1920-இல் எழுதியபோது, அக்காலத்து ரசாயன நூலார் பலர் அதனை ஏற்கவில்லை. 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பலபடி என்றவுடன் பிளாஸ்டிக் பை மட்டுமே நம் நினைவுக்கு வருதல் சரியன்று. பாலராமபுரத்துத் தறியில் ஓடும் பருத்தி நூல் பலபடியே; பனைநாரும் தேங்காய்க் கயிறும் பலபடிகளே; நம் தசையும் தலைமயிரும்கூட அவ்வினமே. இயற்கை பலகோடி ஆண்டுகளாகச் செய்து வந்ததை மனிதன் ஏறத்தாழ நூறாண்டுகளாகச் செய்யக் கற்றிருக்கிறான்.

சிரட்டையில் ஒரு பாடம்

ரப்பர் மரத்தில் விடியுமுன் பட்டையைச் சாய்வாகச் சீவி, கீழே சிரட்டையை மாட்டி வைப்பார்கள். சொட்டும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ரப்பர்த் துகள்கள் நீரில் ஏன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் மிதக்கின்றன? ஒவ்வொரு துகளின்மேலும் புரதம் முதலியவற்றாலான மெல்லிய போர்வை இருக்கிறது. அப்போர்வை எதிர்மின்னூட்டம் கொண்டது. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும். ஆகவே துகள்கள் விலகியே நிற்கின்றன.

இப்பாலில் சிறிது பார்மிக் அமிலம் சேர்த்துத் தட்டில் ஊற்றிவைத்தால் மின்னூட்டம் தணிகிறது. துகள்கள் நெருங்கிக் கட்டியாகின்றன. மறுநாள் அதனை உருளையில் இட்டுத் தகடாக்கிப் புகையிட்டு உலர்த்துவர். அதே பாலில் அமிலத்துக்குப் பதிலாக அம்மோனியா என்னும் காரத்தைச் சேர்த்தாலோ, அது உறையாமல் நெடுநாள் பாலாகவே இருக்கும். மருத்துவர் அணியும் கையுறை முதலியவை இவ்வாறு காக்கப்பட்ட பாலிலிருந்தே செய்யப்படுகின்றன. 1966-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் லேடெக்ஸ் என்னும் அரசாங்க நிறுவனம் திருவனந்தபுரத்தை அடுத்த பேரூர்க்கடையில் 1969-இல் கருத்தடைச் சாதன உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு மூலப்பொருளும் ரப்பர்ப் பாலே ஆகும்.

பொருள் ஒன்று, அமிலத்தைக் கண்டால் ஒரு குணம், காரத்தைக் கண்டால் மற்றொரு குணம். ரப்பர் வெட்டும் தொழிலாளி எவரும் இதனை அறிவார். இப்போது நாம் காணப்போகும் புதுமைகளுக்கெல்லாம் அடிப்படை ஏறத்தாழ இதுவே.

ரப்பருக்கு மற்றோர் இயல்பும் உண்டு. அகலமான ரப்பர் வளையம் ஒன்றை விரைவாக இழுத்து உடனே உதட்டில் வைத்துப் பாருங்கள், இளஞ்சூடு தெரியும். இழுத்தபடியே சிறிது நேரம் வைத்திருந்து, பின் தளரவிட்டு உதட்டில் வைத்தால் குளிர்ச்சி தெரியும். இங்கிலாந்தில் பார்வையிழந்த இயற்கை ஆராய்ச்சியாளரான ஜான் கௌ என்பவர் 1805-இல் இதனை வெளியிட்டார். எடை கட்டி இழுத்த ரப்பரைச் சூடாக்கினால் அது மற்றப் பொருள்களைப்போல் நீளாமல் சுருங்கும் என்பதும் அவர் கண்டதே. கயிற்றின் இரு முனைகளையும் இருவர் பிடித்து நிற்க, நடுவில் நிற்கும் பிள்ளைகள் கயிற்றைப் பக்கவாட்டில் உலுக்கினால் முனைகள் தாமே நெருங்குமன்றோ? வெப்பம் ரப்பர்ச் சங்கிலியை அவ்வாறே உலுக்குகிறது.

பெயரும் பொருளும்

சூழ்நிலையில் நேரும் சிறு மாறுதலுக்குத் தன் உருவத்திலோ கரையும் தன்மையிலோ பெரிய மாறுதல் காட்டும் பலபடியை ஆங்கிலத்தில் ஸ்மார்ட் பாலிமர் என்கிறார்கள். மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போர்க்கு இத்தொடர் சிறிது தொல்லை தருவது. அறிவுள்ள பலபடி என்றால் இல்லாத அறிவை ஏற்றிச் சொன்னதாகும். நம் வீடுகளில் சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொண்டு அதற்கேற்ப நடக்கும் பிள்ளையைச் சூட்டிகையான பிள்ளை என்போம். அச்சொல்லே இங்குப் பொருந்தும் என்பது என் கருத்து. இப்பொருள் சிந்திப்பதில்லை, குறிப்பறிந்து நடக்கிறது, அவ்வளவே.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஜப்பானிய விஞ்ஞானி டோயோயிச்சி தனாகா, பலபடியாலான கூழ் ஒன்று சூழ்நிலையைச் சிறிது மாற்றியபோது படிப்படியாக அன்றித் திடீரெனப் பன்மடங்கு சுருங்கியதை 1978-இல் விளக்கினார். அதன்பின் இத்துறை வேகமாக வளர்ந்தது.

இவ்வினத்தில் மிகுதியாக ஆராயப்பட்டது நீண்ட பெயருடைய ஒரு பலபடி; சுருக்கமாக என்ஐபிஏஎம் பலபடி எனலாம். இது 32 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே நீரில் கரையும். அதற்கு மேலே கரையாது. சர்க்கரையும் உப்பும் சூடான நீரில் எளிதாகக் கரைவதைக் கண்ட நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். குளிர்ந்த நிலையில் நீர் மூலக்கூறுகள் சங்கிலியைச் சுற்றி ஒழுங்காகச் சூழ்ந்து அதனை விரித்து வைத்திருக்கின்றன. வெப்பம் கூடியதும் அந்த ஒழுங்கு குலைகிறது. நீர் விலக, சங்கிலி தன்மீதே சுருண்டுகொள்கிறது. மனித உடலின் வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி. அறையின் வெப்பத்துக்கும் உடலின் வெப்பத்துக்கும் இடையில் 32 டிகிரி அமைந்திருப்பதே மருத்துவர் இப்பலபடியை நாடியதற்குக் காரணம்.

வீட்டில் உள்ளவை

குழந்தைகளுக்குக் கட்டும் அணையாடையின் உள்ளே பஞ்சோடு வெண்மணலைப்போன்ற குருணை கலந்திருக்கும். அது சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் பலபடி. அதன் சங்கிலிகள் வலைபோல் பின்னப்பட்டவை. நீர் பட்டவுடன் சங்கிலியின்மேல் மின்னூட்டம் தோன்றி, பகுதிகள் ஒன்றையொன்று தள்ள, வலை விரிகிறது; நீர் உள்ளே புகுகிறது. இடையிடையே முடிச்சுகள் இருப்பதால் வலை கரைந்து போவதில்லை, கூழாகி நிற்கிறது. தூய நீரானால் தன் எடையைப்போல் சில நூறு மடங்கு உட்கொள்ளும். உப்பு கலந்த நீரானால் அதன் ஆற்றல் பல மடங்கு குறைந்துவிடும். கூழான குருணையின்மேல் சிறிது உப்பைத் தூவினால், அது கொண்ட நீரைக் கக்கிவிடுவதைக் கண்ணாரக் காணலாம்.

இதே தத்துவம் கழனிக்கும் சென்றிருக்கிறது. தில்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார், தாவரங்களிலுள்ள செல்லுலோஸை அடிப்படையாகக் கொண்டு பூசா ஹைட்ரோஜெல் என்னும் கூழை உருவாக்கினர். தன் எடையைப்போல் 350 மடங்குக்குக் குறையாமல் நீரை ஏற்று, மண் உலரும்போது வேருக்குச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும் இயல்புடையது அது.

கண்ணில் அணியும் மென்வில்லையும் நீரை ஏற்கும் பலபடிக் கூழே. செக் நாட்டு விஞ்ஞானி ஓட்டோ விக்டர்லே 1961-இல் தம் வீட்டிலேயே, பிள்ளைகள் விளையாடும் இணைப்புத் துண்டுகளால் ஒரு சிறு யந்திரம் அமைத்து, அதில் முதல் வில்லைகளைச் சுழற்றி வார்த்தார்.

மருத்துவத்தில்

மாத்திரைகள் சிலவற்றை உடைக்காமலும் மெல்லாமலும் விழுங்குமாறு மருத்துவர் கூறுவர். அதற்கு ஒரு காரணம் அவற்றின்மேல் உள்ள பூச்சு. இப்பூச்சும் ஒரு பலபடி. இரைப்பையின் கடும் அமிலத்தில் அதன் சங்கிலிகள் மின்னூட்டமின்றி நெருங்கிக் கிடக்கும், கரையா. அமிலம் குறைந்த சிறுகுடலை அடைந்ததும் மின்னூட்டம் பெற்று, ஒன்றையொன்று தள்ளிக் கரைந்துவிடும். உள்ளே உள்ள மருந்து அங்கேதான் வெளிப்படும். சிரட்டைப் பாலில் கண்ட அதே நாடகம் குடலில் நடைபெறுகிறது. முதியவர்க்கு விழுங்க எளிதாகட்டும் என்று இத்தகைய மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால், மருந்து இரைப்பையிலேயே சிதைந்து பயனற்றுப் போகலாம். இரைப்பைக்கு ஊறும் செய்யலாம். ஆதலின் பொடிக்குமுன் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டறிதல் நன்று.

என்ஐபிஏஎம் பலபடியின் பயன் இதனினும் வியப்புடையது. உடலின் உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தால் அவை தட்டை இறுகப் பற்றிக்கொள்ளும். அவற்றைப் பெயர்க்கச் செரிமானப் புரதங்களை ஊற்ற வேண்டியிருந்தது. அவை பற்றை அறுப்பதோடு அணுக்களிடையே உள்ள பிணைப்பையும் அறுத்துவிடும். தோக்கியோவில் தெருவோ ஓகானோ என்பவரும் உடன் உழைத்தோரும் 1990-ஐ ஒட்டி ஒரு வழி கண்டனர். தட்டின்மேல் அப்பலபடியை மெல்லப் படியவைத்து, 37 டிகிரியில் அணுக்களை வளர்த்தார்கள். பின் தட்டைக் குளிரவைத்தார்கள். பலபடி நீரை ஏற்று விரிந்தது. அணுக்கள் கிழியாமல் ஒரே படலமாகக் கழன்று வந்தன. நோயாளியின் வாயின் உட்புறத் தோலிலிருந்து இவ்வாறு வளர்த்த படலத்தை, விழியின் முன்படலம் கெட்ட நால்வர்க்குப் பொருத்திப் பார்வை திருந்தியதை ஜப்பானிய மருத்துவர்கள் 2004-இல் வெளியிட்டனர்.

உடலில் கரையும் தையல் இழையும் கருதத்தக்கது. பாலிகிளைக்காலிக் அமிலம் என்னும் பலபடியாலான அவ்விழை, உடலின் நீரோடு சேர்ந்து மெல்ல அறுந்து, சில வாரங்களில் வலிமை இழந்து, சில மாதங்களில் மறைந்துவிடும். புண் ஆறுமட்டும் பிடித்திருப்பது, ஆறியபின் அகன்றுவிடுவது ஆகிய இரண்டும் அதன் கடமைகள்.

திருவனந்தபுரத்தின் பங்கு

இவ்விடத்தில் பாறசாலையிலிருந்து வடக்கு நோக்கித் திரும்புவோம். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான தொழில்நுட்ப நிலையம் உள்ளது. 1980-இல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிலையமாக அது ஆக்கப்பட்டது. மருத்துவமனை ஒரிடத்தில் நடக்க, பூஜப்புரையில் சாட்டல்மண்ட் அரண்மனை என்று பெயர்பெற்ற மாளிகையில் கருவிகளை உருவாக்கும் பகுதி நடைபெறுகிறது.

வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டுப்போன இளைஞர்கள் நம் நாட்டில் மிகப் பலர். அயல்நாட்டு வால்வின் விலையைப் பெரும்பாலோர் தாங்க இயலாதிருந்த காலத்தில், இருதய அறுவை மருத்துவரான எம். எஸ். வலியத்தான் தலைமையில் அந்நிலையத்தார் உள்நாட்டு வால்வு செய்ய முற்பட்டனர். முந்தைய வடிவங்கள் தேறவில்லை. நீலமணிப் படிகத்தாலான தட்டு வைத்த வடிவம் ஒன்றில், விலங்குச் சோதனையின்போது அத்தட்டு உடைந்துபோயிற்று. நான்காம் வடிவத்தில் படிகத்தை விட்டுப் பலபடியை நாடினர். மிக நீண்ட சங்கிலிகளையுடைய பாலிஎதிலீன் தட்டு, உலோகக் கலவையாலான வளையம், சுற்றிலும் பாலியெஸ்டர்த் துணி என அது அமைந்தது. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் டி.டி.கே. நிறுவனம் அதனை உற்பத்தி செய்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

இவ்வால்வு சூட்டிகை இனத்தைச் சேர்ந்ததன்று என்பதைக் கூறிவிட வேண்டும். நிமிடத்திற்கு 70 முறை என்றால் ஒரு நாளில் ஒரு லட்சம் முறைக்கு மேல் அத்தட்டு திறந்து மூட வேண்டும். ஆண்டுக்கணக்கில் அதன் குணம் சிறிதும் மாறக் கூடாது. மாத்திரையின் பூச்சு மாறுவதால் பயன்படுகிறது. வால்வின் தட்டு மாறாமையால் பயன்படுகிறது.

ரத்தப் பையின் வரலாறும் அந்நகரோடு தொடர்புடையது. முன்பு ரத்தத்தைக் கண்ணாடிப் புட்டியில் சேமித்தனர். உடையும், காற்றுக் குமிழ் புகும். 1950-ஐ ஒட்டி அமெரிக்காவில் பிளாஸ்டிக் பை வந்தது. சித்திரைத் திருநாள் நிலையம் 1980-களில் இப்பையைச் செய்யும் முறையை உருவாக்கிப் பெனின்சுலா பாலிமர்ஸ் என்னும் திருவனந்தபுரத்து நிறுவனத்துக்கு வழங்கியது. இன்று டெருமோ பென்பால் என்னும் பெயருடன் விளங்குவது அதுவே.

அப்பை பி.வி.சி. என்னும் பலபடியால் ஆனது. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, குழாய் செய்ய உதவுவது. அதனை மென்மையாக்க டி.இ.ஹெச்.பி. என்னும் எண்ணெய்போன்ற பொருளைக் கலக்கிறார்கள். எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. இது சங்கிலியோடு பிணையாமல் இடையிடையே தங்கியிருப்பதால் சிறிது சிறிதாக ரத்தத்தில் கசிகிறது. குழந்தைகளுக்கும் கருவுற்றோர்க்கும் இதனால் தீங்கு நேருமோ என்ற ஐயத்தால் உலகெங்கும் மாற்றுப் பொருள் தேடுகிறார்கள். ஆனால் ஒரு விந்தை: கசியும் அப்பொருளே சிவப்பணுக்களின் உறையைச் சிதையாமல் காத்து, ரத்தம் பல வாரங்கள் கெடாதிருக்க உதவுகிறது. ஆகவே அதனை நீக்குவது எளிதாக இல்லை.

பயன் தீர்ந்தபின்

பயன் தீர்ந்த பொருள் எங்கே செல்கிறது? பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அதனைக் குறைந்த வெப்பத்தில் எரித்தால் அமிலப் புகையும் டயாக்சின் என்னும் கொடிய நஞ்சும் பிறக்கும். மத்திய அரசாங்கத்தின் 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளும் 2018-இல் செய்த திருத்தமும், குளோரின் கலந்த பிளாஸ்டிக் பைகளையும் கையுறைகளையும் 2019 மார்ச்சு 27-க்குள் கைவிடுமாறு பணித்தன. அத்திருத்தத்தில் ரத்தப் பைகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. தீங்கு தெரிந்தும் விடமுடியாத பொருள் ஒன்று உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது.

அவ்விதிகளின்படி மருத்துவமனையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நான்கு நிறக் கலங்கள் இருக்கும். உடற்கழிவும் ரத்தம் தோய்ந்தவையும் ரத்தப் பையும் மஞ்சளில், குழாய், ஊசியற்ற பீச்சாங்குழல் போன்ற பிளாஸ்டிக் சிவப்பில், ஊசியும் கத்தியும் வெள்ளையில், கண்ணாடி நீலத்தில். நோயாளிக்குத் துணையாகச் செல்லும் நாம் தேநீர்க் கோப்பையைச் சிவப்பில் எறிந்தாலும், பயன்படுத்திய கையுறையைச் சாதாரணக் குப்பையில் எறிந்தாலும் அந்த ஒழுங்கு குலைகிறது.

ஒழுங்கு குலைந்தால் என்ன நேரும் என்பதை 2024 டிசம்பர் காட்டியது. திருநெல்வேலியை அடுத்த நடுக்கல்லூர், கொடகநல்லூர் முதலிய ஊர்களில், திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் கழிவு மூட்டை மூட்டையாகக் கொட்டப்பட்டிருந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அதனைக் கேரளமே திரும்ப எடுத்துச்செல்ல வேண்டும் என்று கட்டளையிட்டது. அம்மாதத்திலேயே கேரள அதிகாரிகள் லாரிகளில் ஏற்றிச் சென்றனர். களியக்காவிளையில் கழிவு ஏற்றிய வண்டிகள் பிடிபட்ட செய்தியும் நாளேடுகளில் பலமுறை வந்ததுண்டு.

இதனை ஒரு மாநிலம் மற்றொரு மாநிலத்துக்குச் செய்த தீங்கு என்று மட்டும் கொள்வது எல்லையூரார்க்குப் பொருந்தாது. நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் நோயாளிகள் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளுக்குச் செல்கிறார்கள். மூட்டையிலிருந்த குழாயும் பையும் அவர்களுள் ஒருவரின் உயிரைக் காத்ததாகவும் இருக்கலாம். பயன் இரு மாநிலத்தார்க்கும் பொது. கழிவை மட்டும் யாரோ ஒருவருடைய ஊரில் இரவோடிரவாகக் கொட்டிவிட்டுப் போவதுதான் அநீதி. கொட்டப்படும் ஊரில் குப்பை பொறுக்குவோரும், மேயும் மாடுகளும், விளையாடும் பிள்ளைகளும் அதன் விளைவை ஏற்கிறார்கள்.

நோய்த்தொற்று பரவிய 2020-ஆம் ஆண்டில் சித்திரைத் திருநாள் நிலையத்தார் செய்த ஒரு பொருள் இங்கே நினைவுகூரத் தக்கது. நோயாளியின் சளி முதலிய திரவங்களைத் தன் எடையைப்போல் 20 மடங்குக்குக் குறையாமல் உறிஞ்சி, கெட்டிப்படுத்தி, உடன் கலந்த கிருமிநாசினியால் தூய்மையும் செய்யும் பலபடிக் கூழ் அது. அக்ரைலோசார்ப் எனப் பெயரிட்டார்கள். அணையாடைக் குருணையின் இனத்தைச் சேர்ந்த இது, திரவம் சிந்தாமலும் கையாள்வோர்க்குத் தொற்றாமலும் கழிவை எரியுலை வரை கொண்டு சேர்க்கிறது. பொருளின் சூட்டிகையைக் கழிவின் வழியிலும் பயன்படுத்தலாம் என்பதற்கு இது சான்று.

ஆயினும் சூட்டிகைப் பலபடிகளே புதிய கேள்வியையும் எழுப்புகின்றன. பிளாஸ்டிக் பைகளுக்கு மாநிலம் முழுவதும் தடை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாளிலும், கேரளத்தில் 2020 ஜனவரி முதல் நாளிலும் நடைமுறைக்கு வந்தது. ஆக, 2019 முழுவதும் களியக்காவிளையில் மாநிலச் சட்டம் விலக்கிய பைக்கு, அடுத்த ஊரான பாறசாலையில் அத்தகைய மாநிலத் தடை இருக்கவில்லை. 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் ஒருமுறை பயன்படும் பொருள்கள் சிலவற்றுக்குத் தடை வந்தது. இச்சட்டங்கள் கண்ணுக்குத் தெரியும் பையையும் கோப்பையையும் நோக்கியவை. அணையாடையின் குருணை அவற்றில் அடங்கவில்லை. நீரில் கரையும் பலபடிகளோ கண்ணுக்கே தெரியா. கரைவது வேறு, மக்குவது வேறு. உப்பு கரைந்தபின்னும் உப்பாகவே இருப்பதுபோல, என்ஐபிஏஎம் பலபடியும் பாலிஅக்ரிலேட்டும் கார்பன் அணுக்களாலான உறுதியான முதுகெலும்பு உடையவை. கிருமிகள் அவற்றை எளிதில் உண்பதில்லை. நெய்யாற்றில் விழுந்தது பூவாற்றில் கடலைச் சேரும்வரை ஆறு அதனைச் சுமக்கத்தான் வேண்டும்.

மக்கும் எனக் குறித்து விற்கும் பைகளிலும் எச்சரிக்கை தேவை. பாலிலாக்டிக் அமிலத்தாலானவை ஏறத்தாழ 60 டிகிரி வெப்பமுள்ள பெரிய உரக்கூடங்களில் சில மாதங்களில் மக்கும். தோட்டத்து மண்ணில் நெடுநாள் அப்படியே கிடக்கும். தையல் இழை உடலில் கரைவது உடலின் நீரும் வெப்பமும் அதற்கு இசைந்திருப்பதால்தான். எச்சூழலில் எப்படி முடிவது என்பதையும் கணக்கிட்டுச் செய்யப்பட்ட பொருளே முழுச் சூட்டிகையுடையது.

நாம் செய்யத்தக்கவை

கேரளத்து ஊராட்சிகளில் ஹரித கர்ம சேனை என்னும் மகளிர் குழுவினர் வீடுதோறும் வந்து கழுவி உலர்த்திய பிளாஸ்டிக்கைப் பெற்றுச் செல்கிறார்கள். பாறசாலையில் ஆனாலும் தாங்கள் வாழும் நகரில் ஆனாலும், உலர்ந்ததை ஈரத்தோடு கலக்காமல் கொடுப்பது நம் கையில் உள்ளது. அணையாடைகளைத் தாளில் சுற்றித் தனியே கொடுத்தல் வேண்டும். வாய்க்காலிலும் கழிப்பறையிலும் இட்டால் அவை பருத்து அடைக்கும். பகலில் துணியும் இரவிலும் பயணத்திலும் மட்டும் அணையாடையும் என்று வைத்துக்கொண்டால் சுமை பாதியாகும். வீட்டில் இன்சுலின் ஊசி பயன்படுத்துவோர் அதனைத் துளையாத மூடிய டப்பாவில் சேர்த்து, அருகிலுள்ள மருத்துவமனையில் கேட்டு ஒப்படைக்கலாம்.

நாருக்கும் பனையோலைக்கும் மட்டுமே திரும்பிவிட வேண்டும் என்று கூறுவது, வால்வு வைத்து வாழும் ஒருவரின் முகத்தைப் பார்த்துக் கூறமுடியாத சொல். தேவைப்படும் இடத்தில் பலபடி இருக்கட்டும். ஒரு நாழிகைப் பயனுக்காகத் தலைமுறைகள் நிற்கும் பொருளை வாங்குவதைக் குறைப்போம். புதிய பொருள் ஒன்று கடையில் வரும்போது, இது என்ன செய்யும் என்று கேட்பதோடு, வேலை முடிந்தபின் இது யாருடைய ஊருக்குப் போகும் என்றும் கேட்கப் பழகுவோமாக. அக்கேள்வி பெருகினால், செய்வோரும் அதற்கேற்பச் செய்யத் தொடங்குவர் என்று எதிர்பார்க்கலாம்.